மூன்றாவது புள்ளி

“நீ பார்த்தது அதைத்தானா மலர், இல்லை அதைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டியா?”

மேதா தாயி ஃபோனில் இப்படிக் கேட்டபோது நான் கசார்வாடி ஸ்டேஷன் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. படியெல்லாம் சேறு, முன்னால் போகிறவர்களின் குடையிலிருந்து என் செருப்பில் தண்ணீர் சொட்டியது. அவள் மராட்டியில் கேட்டாள். குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

பார்த்ததைத்தான் போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இங்கே அக்காவைத் தாயி என்பார்கள். மேதா தாயி என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். விமான் நகரில் ஐடி வேலை. எங்கள் பகுதியில் பட்டாம்பூச்சி பார்க்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே இணையதளத்தில் படம் ஏற்றுவோம். ஏற்றும்போது நாமே ஒரு பெயர் போட வேண்டும். அந்தப் பெயர் சரியா என்று ஓய்வு நேரத்தில் சரிபார்க்கிறவர்களில் அவளும் ஒருத்தி. அவள் ஒப்புக்கொள்கிற வரைக்கும் படத்துக்குக் கீழே ‘பரிசீலனையில்’ என்று இருக்கும்.

என் படம் நாலு நாளாகப் பரிசீலனையில் இருந்தது.

தண்டவாளத்துக்கும் நாலாவுக்கும் நடுவே

சின்ச்வட் கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்த கதையை இந்தப் பத்தியில் போன வாரம் சொன்னேன். அந்த வேலைக்குப் போகிற வழியில்தான் இந்தக் கதையும் இருக்கிறது.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கும் கழிவுநீர் ஓடுகிற நாலாவுக்கும் நடுவில் ஒரு காலி இடம் உண்டு. காலி என்று சொல்வது மனிதர்கள் கணக்கில். எருக்கு ஆளுயரத்துக்கு நிற்கும். உண்ணிச்செடி புதராக மண்டியிருக்கும். மழை பெய்தால் தரையோடு தரையாகப் பருப்புக்கீரை படரும். அதை இங்கே கோள் என்பார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கிள்ளி வந்து துவரம்பருப்பு போட்டுக் கடைவாள்.

அந்த இடத்தில் இரண்டு வருடமாக நான் பட்டாம்பூச்சிகளுக்குப் பெயர் கண்டுபிடித்து எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு பெயர் சேர்ந்திருந்தது. சிலவற்றுக்கு ஆங்கிலப் பெயர்தான் கிடைத்தது. சிலவற்றுக்கு மராட்டி. தமிழ்ப் பெயர்களைத் தேடித் தேடி எழுதினேன். வெந்தய வரியன் என்று முதல்முறை எழுதியபோது, யார் வைத்த பெயரோ, சரியாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஊறவைத்த வெந்தயத்தின் நிறமேதான் அது.

மழைக்காலம் தொடங்கியதும் மாநகராட்சியின் அறிவிப்புப் பலகை வந்தது. இடத்தைச் சமன் செய்து, புல்தரை போட்டு, வெளிநாட்டுப் பூச்செடி வைத்து, நடுவில் ஆள் உயர ஃபைபர் பட்டாம்பூச்சிகள் நிறுத்தப் போகிறார்களாம். பலகையில் பெயர் பெரிதாக இருந்தது: பட்டாம்பூச்சிப் பூங்கா.

நான் அந்தப் பலகையின் முன்னால் நின்று சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை.

ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், திங்கட்கிழமை சுனாவணி, அதாவது விசாரணைக் கூட்டம் என்று போட்டிருந்தது.

ஒரு புள்ளி

அந்தத் திங்கட்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், ஞாயிறு காலை. அம்மா கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். கீரையின் மேல் வெந்தய நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது.

வெந்தய வரியன் என்று நினைத்துக் கண்ணை எடுக்கப் போனவள் நின்றேன். இது எருக்கில் முட்டையிடுகிற இனம், இதற்குக் கீரையில் என்ன வேலை?

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். எருக்குப் பாலைத் தின்று வளர்வதால் வெந்தய வரியனின் உடம்பு கசக்கும், பறவைகள் தொடாது. இதைப் பார்த்து இன்னொரு இனத்துப் பெண் பட்டாம்பூச்சி அச்சு அசலாக அதே உடையை உடுத்திக்கொண்டு திரிகிறது. ஆண் வேறு மாதிரி இருக்கும், கறுப்பில் வெள்ளைத் திட்டும் ஊதா ஓரமும். பெண்ணுக்கு மட்டும் இந்த வேஷம். ஆங்கிலத்தில் டானெய்ட் எக்ஃப்ளை என்பார்கள். நான் வீட்டில் வேஷக்காரி என்று சொல்வேன். அது அரியது. வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம் பிடித்தது. அது முட்டையிடுகிற செடிகளில் ஒன்று பருப்புக்கீரை.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. பின்னிறக்கையின் நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் வெந்தய வரியன். ஒரே ஒரு புள்ளி இருந்தால் வேஷக்காரி.

பாதி மூடிய இறக்கையில் எனக்கு ஒரு புள்ளி தெரிந்தது.

ஒரே ஒரு படம் எடுத்தேன். அம்மா கீரைக் கட்டோடு எழுந்தாள், அது பறந்துவிட்டது. நான் துள்ளி எழுந்ததைப் பார்த்து அம்மா பயந்து, “இன்னாடி, பாம்பா?” என்றாள்.

அன்றைக்கே ஆட்சேப மனு எழுதி, மறுநாள் வார்டு அலுவலகத்தில் கொடுத்தேன். முதல் வரியில் அந்தப் பெயர். மற்ற முப்பத்தொன்றும் கீழே, துணைக்கு வந்தவை மாதிரி.

பலகையில் என் பெயர்

எங்கள் தெரு இளைஞர் சங்கமான மண்டலுக்குச் சந்தீப் தாதாதான் எல்லாம். அண்ணனை இங்கே தாதா என்பார்கள். பிள்ளையார் பந்தல் போடுவது, தண்ணீர் லாரிக்குச் சண்டை போடுவது, யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஃப்ளெக்ஸ் கட்டுவது. நான் மனுவைக் காட்டியபோது அவன் முதல் வரியை மட்டும் படித்தான். சட்டத்தில் இருக்கிற பூச்சியா என்று இரண்டு முறை கேட்டான். மறுநாள் மாலை சௌக் என்கிற நாற்சந்தியில் பத்தடி ஃப்ளெக்ஸ் தொங்கியது. என் படம், அதாவது நான் எடுத்த படம். அதன் கீழே அரிய பட்டாம்பூச்சியைக் காப்போம் என்று மராட்டியில். அதற்கும் கீழே, கண்டறிந்தவர் மலர் முருகேசன் அண்ணா.

பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள் வேண்டுமென்றே சௌக் வழியாக நடந்தேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் இதில் எது என் பெண்ணின் பெயர் என்று கேட்டிருக்கிறாள். தெரிந்துகொள்வதற்காக அல்ல. அவர்கள் வாயால் சொல்லக் கேட்பதற்காக.

குடும்பப் பெயர் அண்ணா

அந்த ‘அண்ணா’ எப்படி வந்தது என்று கேட்பீர்கள்.

என்னைப் பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிப்போனார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பட்டறை உடையிலேயே வந்திருந்தார், கையில் கிரீஸ். கிளார்க் என் பெயரைக் கேட்டார். அப்பா பெயரைக் கேட்டார். பிறகு குடும்பப் பெயர் என்ன என்றார். அப்பாவிடம் அது இல்லை. எங்கள் பக்கத்தில் யாரிடமும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், எனக்கு ஆறு வயது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று கிளார்க் சொன்னார். அங்கே நின்ற பியூன், இவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம் என்றார். இந்த ஊரில் தெற்கத்தி ஆண்கள் எல்லோரும் அண்ணாதானே. கிளார்க் எழுதிவிட்டார்.

அன்றிலிருந்து மார்க் ஷீட், டிகிரி, ஆதார், கம்பெனி அடையாள அட்டை, எல்லாவற்றிலும் நான் மலர் முருகேசன் அண்ணா. மாற்றலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். உறுதிமொழிப் பத்திரம், விளம்பரம், ஒரு பெயரைத் திருத்த எத்தனை படி. ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயர் ரத்தத்தில் ஏறியது மாதிரி.

அதனால்தான் மேதா தாயியின் கேள்வி என்னை விடவில்லை. என் பெயர் தப்பானதில் என் கை இல்லை. அந்தப் பூச்சிக்கு எழுதியது என் கை.

ஹோல்ட்

வெள்ளிக்கிழமை கம்பெனியில் கேஜ் பிடித்த கை என்னுடையது மாதிரியே இல்லை.

எங்கள் வேலை எளிது. வட்டத் துளை உள்ள பாகங்கள் வரும். கையில் ஒரு கேஜ், துளையை அளக்கிற கருவி. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போன மாதிரி இருந்தது என்று ஒன்று கிடையாது. ஒருவேளை நாமே சரி என்று அனுப்பிய பெட்டியில் பிறகு சந்தேகம் வந்தால், நிறுத்திவை என்கிற மஞ்சள் ஹோல்ட் சீட்டைக் கட்டிவிட வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் எங்கள் சூப்பர்வைசர் சேர்ந்த அன்றே சொன்னது இது: லாரி கிளம்புவதற்கு முன்னால் கட்டினால் ஹோல்ட். கிளம்பிய பிறகு கட்டினால் அது கம்ப்ளெயின்ட்.

மதிய இடைவேளையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி. அதற்குக் கீழே, மற்ற புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு புல் குறுக்கே நின்றது. மங்கலான பச்சைக் கோடு. ஐந்து நாளாக அந்தப் புல்லை நான் பார்க்கவே இல்லை. பிடரியில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வரியன் என்று சொல்லிவிடலாம். பிடரி நிழலில் இருந்தது.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. வலது பின்னிறக்கையின் ஓரத்தில் ஒரு கிழிசல். ஏதோ பறவை கொத்திப் பார்த்து விட்டது மாதிரி, கொய்யா இலையைப் பல்லால் கடித்த வடிவம்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன்.

சாமிக்கு ஆகாத இலை

சனிக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். விடிந்ததும் காலி இடத்துக்குப் போனேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வேஷக்காரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, அந்தக் கிழிசல் கண்ணில் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டேனா, இன்றைக்கும் சொல்ல முடியாது.

எனக்கு முன்னாலேயே சுமன் மாவ்ஷி அங்கே இருந்தாள். மாவ்ஷி என்றால் சித்தி. சனிக்கிழமை மாருதி கோயில் வாசலில் எருக்கிலை மாலை விற்கிறவள். இந்த ஊர் அனுமாருக்கு வெற்றிலையைவிட எருக்கிலைதான் பிடிக்கும். ருயி என்பார்கள். விடியற்காலை வந்து, பை நிறையப் பறித்து, கோயில் வாசலில் உட்கார்ந்து கோப்பாள்.

அவள் பறிக்கிற விதத்தை இத்தனை நாள் நான் கவனித்ததில்லை. ஒரு செடியில் நாலு இலை பறிப்பாள், ஐந்தாவதைப் புரட்டிப் பார்த்துவிட்டு விடுவாள். ஏன் விடுகிறாள் என்று கேட்டேன்.

“பார், இதிலே புழு தின்னிருக்கு. ஓட்டை இலை சாமி கழுத்துக்கு ஆகாது.” பிறகு என் காமிராவைப் பார்த்து, “ஃப்ளெக்ஸ்ல வந்த பூச்சியா தேடறே? தினமும் இங்கேதானே சுத்துது அது. அதைப் போய் அரிதுன்னு போட்டிருக்கீங்க.”



அவள் சொன்னால் போதுமா, அவள் புள்ளியா எண்ணினாள் என்று மனம் வாதாடியது. அரை மணி நேரம் நின்றேன். வெயில் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அப்போது அது வந்தது. வெந்தய நிறம். எருக்கிலையின் அடிப்பக்கத்தில் தொங்கி, வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டியது. உளுந்தில் பாதி கூட இருக்காது, வெள்ளையாக. பிறகு இலையின் மேல் ஏறி இறக்கையை அகலமாக விரித்தது.

வலது பின்னிறக்கையில் கொய்யா இலைக் கடி.

புள்ளிகளை எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதை எண்ணும்போது கண் கலங்கிவிட்டது, திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். மூன்றுதான்.

படம் எடுத்தேன், ஏழெட்டு. இந்த முறை புல் குறுக்கே இல்லை.

சுமன் மாவ்ஷி என் முகத்தைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தாள். வீட்டில் ஏதாவதா என்று கேட்டாள். தப்பாகப் பெயர் எழுதிவிட்டேன் என்றேன். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எதையோ சொல்லி என்னைத் தேற்ற நினைத்தாள் போல. முன்னெல்லாம் ஹைவே ஓரத்தில் பறிப்பாளாம், அங்கே கான்கிரீட் வந்தது. பிறகு ஒர்க் ஷாப்புகளுக்குப் பின்னால், அங்கே சுவர் வந்தது. இப்போது இது ஒன்றுதான். இதுவும் போனால் மார்க்கெட்டில் மூட்டைக்கணக்கில் வருகிற வாடிய இலையை வாங்க வேண்டும் என்றாள்.

அவள் பேசப் பேச நான் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் இங்கேதானே சுத்துது என்கிறாள். இங்கே மட்டும்தான் சுற்றுகிறது என்று அதற்கு அர்த்தம்.

விட்டுடு

ஷிப்டுக்குப் போகும் முன்பு சந்தீப் தாதாவிடம் சொன்னேன். அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“சுனாவணியிலே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காக்காவும் கொக்கும் ஒண்ணுதான் மலர். புள்ளியை எவன் எண்ணப் போறான்? திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இரு. இடம் நமக்கு நின்னுச்சுன்னா அப்புறம் எந்தப் பேரு வேணா வை.”

அவன் சொன்னது நடக்கக் கூடியதுதான். நான் வாயைத் திறந்தால் மனுவின் முதல் வரி போகும், முதல் வரி போனால் இடம் போகலாம். அந்த முட்டையும் புல்டோசருக்குப் போகும். உண்மையைச் சொல்லி அதைக் கொல்வதா என்று ரயிலில் சின்ச்வட் வரை யோசித்தேன். இரண்டே ஸ்டேஷன்தான், இருபது ஸ்டேஷன் மாதிரி இருந்தது.

ஆனால் எதிர்த்தரப்பில் ஒரே ஒருவருக்குப் புள்ளி எண்ணத் தெரிந்துவிட்டால்? முப்பத்தொன்றும் பொய்யாகும். இனி இந்த ஊரில் எந்த இடத்துக்கு யார் பட்டியல் கொடுத்தாலும், அந்த அண்ணாப் பெண் கொடுத்தாளே அது மாதிரியா என்று கேட்பார்கள். இதுதான் பயமா, இல்லை என் கர்வமா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் மேதா தாயிக்குப் புதிய படங்களை அனுப்பினேன். எழுதியது ஒரு வரிதான்: மூன்று புள்ளி, தப்பு என்னுடையது. உடனே கூப்பிட்டாள். தளத்தில் பெயரை அவளே மாற்றிவிடுவதாகவும் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள். வேண்டாம், நானே மாற்றுகிறேன், பழைய பெயரும் கீழே தெரியட்டும் என்றேன்.

பிறகு அவள், “முட்டையிடற படம் இருக்கு, செடி இருக்கு. வழிப்போக்கா வந்துபோன அரிய பூச்சியைவிட இது பலமான சாட்சி மலர். ஆனா அவங்க கேப்பாங்களான்னு எனக்குத் தெரியாது” என்றாள்.

எனக்கும் தெரியாது.

ஸ்டூல்

ஞாயிறு சாயந்திரம் ஸ்டூலோடு சௌக்குக்குப் போனேன். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஃப்ளெக்ஸில் ‘அரிய’ என்ற சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். கீழே மார்க்கரால், தவறாகப் பெயரிட்டேன், இது வெந்தய வரியன், இந்த இடத்தில் முட்டையிடுகிறது என்று மராட்டியில் எழுதினேன். தூறல் விழுந்து மை கொஞ்சம் இறங்கியது. எதிர்க் கடையில் நாலு பேர் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்போ உன் பேரும் போயிடுமா?” என்றாள் அம்மா.

“என் பேரு இருக்கும்மா. பூச்சி பேருதான் மாறுது.”

“உன் பேரு எது, காட்டு.”

இத்தனை நாள் அவள் அதை ஊராரிடம்தான் கேட்டிருக்கிறாள். குனிந்து விரல் வைத்துக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு ஸ்டூலை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள்.

அன்றிரவு மனுவைப் புதிதாக எழுதினேன். முதல் வரியில் எருக்கு. அடுத்த வரியில் வெந்தய வரியன். பிறகு சுமன் மாவ்ஷி சொன்னது, அவள் பெயரோடு. பெயரைப் போடச் சம்மதமா என்று கேட்கப் போனபோது தாராளமாகப் போடு என்றாள், ஆனால் சுனாவணி சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனால் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். அதற்குக் கீழே மற்ற முப்பது பெயர்கள், ஒவ்வொன்றும் எந்தச் செடியில் என்று. கடைசியில், முன்பு கொடுத்த மனுவின் முதல் வரியை நானே திரும்பப் பெறுகிறேன் என்று.

திங்கள் காலை லீவு போட்டேன். வார்டு அலுவலகத்தில் ஆவக்-ஜாவக் ஜன்னல், அதாவது காகிதம் வாங்குகிற ஜன்னல், பத்து மணிக்குத் திறந்தது. நான்தான் முதல் ஆள். கிளார்க் கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கேஸ் உங்களுடையது, நீங்களே ஓட்டை போடுகிறீர்களே என்றார். முத்திரை குத்துங்கள் சார் என்றேன். குத்தினார். நகலில் நீல மை வட்டமாக விழுந்தது.

சுனாவணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாடியில் அறை பூட்டியிருந்தது, வாசலில் மேசை, மேசையில் பேச விரும்புவோர் பதிவேடு. முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்தேன். பெயர் என்ற கட்டத்தில் மலர் முருகேசன் அண்ணா என்று எழுதினேன். விஷயம் என்ற கட்டத்தில், எருக்கும் அதில் முட்டையிடும் சாதாரணப் பட்டாம்பூச்சியும் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன்.